எதிர்த்தரப்புக் கட்டுரை

"சாமி சாப்பிட்டத நீ கண்ணால பார்த்தியா?"

"இல்லீங்கய்யா."

"வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"படையல் வச்சிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாதுங்கய்யா. நேரா நடந்து வந்துரணும். அதான் மொறை."

"ஆக, சோறு காணாமப் போனது உண்மை. சாமி தின்னதுக்குச் சாட்சி இல்ல. இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லு நாகமணி. சாமி திங்கலன்னா, தின்னது யாரு?"

நாகமணி யோசித்தாள். யோசிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வலக்கை ஆள்காட்டி விரலை நெற்றியில் வைத்து, கண்ணை மூடாமல், ஒரு நிமிடம் அசையாது நிற்க வேண்டும். நிமிடம் முடிந்ததும், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவார். அதற்கு முன்னால் பதில் சொன்னால் அது யோசிக்காத பதில் என்று குறிக்கப்படும். டின் சத்தம் கேட்டதும் நாகமணி, "காக்காயா இருக்கும்" என்றாள்.

"ஆதாரம்?" என்றார் திரு. சுப்பிரமணியம்.

அவர் சிந்தனைவழி ஆங்கிலக் கல்விக் கழகத்தின் கோலா சிலாங்கூர் வட்டார அமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் கழகத்தின் வண்டியில் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக அசாம் ஜாவாவைத் தாண்டி ஹெதர்லி தோட்டத்துக்கு வருவார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் முப்பத்தொரு பால்மரத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருடம். அவசரகாலம் நான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டில் இருந்துகொண்டு சர்க்காரோடு சண்டையிட்டவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலிக் கதவைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைச் சோறும் கொண்டுபோகக் கூடாது. இப்படிப்பட்ட காலத்தில் ஜனங்களுக்கு மிகவும் தேவைப்படுவது எது என்று மேலிடத்தில் நெடுநாள் ஆராய்ந்து, தெளிவாகச் சிந்திக்கும் பழக்கமே என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

கழகத்தின் தலைவர் ஹார்கிரீவ் துரை தொடக்க விழாவுக்கு நேரில் வந்து பேசினார். சுப்பிரமணியம் அதை வரிக்கு வரி தமிழாக்கினார்.

"காட்டில் இருப்பவனிடம் துப்பாக்கி இருக்கிறது. அதைப் படை பார்த்துக்கொள்ளும். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பும் மனம் துப்பாக்கியைவிட ஆபத்தானது. அந்த மனத்தால் எந்த மொழியையும் கற்க முடியாது. முக்கியமாக ஆங்கிலத்தைக் கற்க முடியாது. கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்துக் கற்ற காலம் போய்விட்டது. இன்று முதல் எதையும் கேள்வி கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். கேள்விகளை நாங்களே அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறோம்."

ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதில் ஆறு கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. இதைச் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்ல அவருக்குக் காரணம் உண்டா? ஆதாரம் என்ன? வேறு விளக்கம் உண்டா? இதற்கு நேர் எதிரானது உண்மையாக இருக்குமா? இந்த ஆறையும் முதல் ஆறு வாரத்தில் எல்லாரும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்து மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் செய்யாதவர்களை சுப்பிரமணியம் வெளியில் நிற்க வைத்தார்.

நாகமணி ஒரு வாரம்கூட வெளியில் நிற்கவில்லை. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்ததுபோல வந்தார்கள். மானேஜர் பேர் எடுப்பார் என்று வந்தார்கள். அவளுக்கு வேறு காரணம் இருந்தது.

லயங்களைக் கூட்டி வேலி போட்டபோது, பால் வெட்டும் காட்டில் பதினேழாம் நம்பர் வெட்டின் ஓரத்தில் இருந்த முனியாண்டி சாமியை யாரும் கூட்டவில்லை. அவர் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். மார்கழியில் நாகமணிக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் பிழைத்தால் முனியாண்டிக்குப் படையல் போடுவதாக அவள் புருஷன் செல்லையா நேர்ந்துகொண்டான். பிழைத்தாள். தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை அவளே எழுந்து ஒரு கைப்பிடி அரிசி பொங்கிக் கொடுத்தாள். செல்லையா அதைப் பால் வாளிக்குள் துணி போட்டு மறைத்து, வேலிக் கதவைத் தாண்டி, சாமி முன்னால் இலையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். மண்டோர் சன்னாசி இலையில் சோற்றைப் பார்த்தார். மறுநாள் இலையில் சோறு இல்லாததையும் பார்த்தார். இரண்டையும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கிராணி போலீசிடம் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் செல்லையாவை ஜீப்பில் ஏற்றினார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்தவன் என்று இரண்டு வருடத் தடுப்புக் காவல்.

தடுப்பு ஆணையை எதிர்த்து ஒரு குழுவிடம் முறையிடலாம். பங்குனியில் முதல் விசாரணை நடந்தது. நாகமணி வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம்வரை பேசினாள். காய்ச்சலைச் சொன்னாள், நேர்த்திக்கடனைச் சொன்னாள், திரும்பிப் பார்க்கக் கூடாத முறையைச் சொன்னாள். அவள் முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவளுக்கு அப்போது ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். அவள் சொன்னது முழுவதும் ஆறு சொல்லில் முடிந்துபோயிற்று. குழு முடிவைத் தள்ளிவைத்தது. அடுத்த தையில் இரண்டாவது விசாரணை. அதில் தோற்றால் செல்லையாவைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கிராணி விளக்கினார். மூன்று வயதில் தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்தவனுக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது, அங்கிருந்து கப்பல் வரும் என்பது மட்டும்தான்.

அவள் வகுப்பில் சேர்ந்த அன்றே சுப்பிரமணியத்திடம் இதையெல்லாம் சொன்னாள். அவர் மனமிரங்கித்தான் கேட்டார். நாற்பது வாரம் படித்துக் கழகத்தின் சான்றிதழ் வாங்கினால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, நேராகக் குழுவின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசலாம், தானே கூட வந்து நிற்பதாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லக் காரணம் உண்டா என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அப்போது அவள் இன்னும் படித்திருக்கவில்லை.

வகுப்பு வளர்ந்தது. சிந்திக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது என்று கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியதில், மஞ்சள் அட்டை வேலிக் கதவுக்கும் போயிற்று. அங்கே காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், காலை ஐந்தரைக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் தேத்தண்ணீர்ப் போத்தலைக் காட்டி, இது தேத்தண்ணீர் என்று சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று தொடங்கி ஆறு கேள்வியும் கேட்டான். வெயில் ஏறிவிட்டால் மரம் பால் தராது. மூன்றாம் நாள் விளைச்சல் பாதியாகக் குறைந்ததும் மானேஜர் துரை ஒரு குறிப்பு எழுதினார்: சிந்தனை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

அடுத்ததாக ஐயப் பதிவேடு வந்தது. மாணவர்களுக்கு வரும் சந்தேகங்களை வாய்விட்டுக் கேட்காமல், படிவத்தில் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தால், கழகத்தின் ஐயப் பிரிவு பரிசீலித்துப் பதில் அனுப்பும். நாகமணியின் அடுத்த வீட்டுக்காரி காளியம்மா எழுதிக் கொடுத்த முதல் சந்தேகம், முள்வேலி காட்டுக்காரன் உள்ளே வராமல் இருக்கவா, நாம் வெளியே போகாமல் இருக்கவா என்பது. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் ஐயம் பாடத்திட்டத்துக்குள் அடங்காது. அன்புகூர்ந்து வேறு எதையாவது ஐயுறவும். கூடவே, சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பட்டியலும் வந்தது. ஐயுறத் தக்கவை: பேய், சகுனம், நாட்டு மருந்து, அண்டை வீட்டார் பேச்சு, முனியாண்டி. ஐயுறத் தகாதவற்றின் பட்டியல் அதன் பின்பக்கத்தில் இருந்தது. ஒட்டியபின் அதை யாரும் படிக்க முடியவில்லை.

"ஏன்டி நாகு, அண்டை வீட்டுக்காரி நாந்தானே? அப்ப என்னைய நீ சந்தேகப்படலாம். கிராணிய சந்தேகப்படக் கூடாது. நல்ல படிப்பு லா" என்று காளியம்மா சொன்னாள். மறு வாரத்திலிருந்து அவள் வரவில்லை. தன் வாத்துகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் எழுதிக் கொடுத்தாள். கழகம் அதற்கு ஆதாரம் கேட்டது.

நாகமணி விடவில்லை. அவள் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்தவள், எழுத்து வசப்படும். பால் வெட்டும்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டாள். முன்னூற்று எண்பது மரம் முடிந்து திரும்பிப் பால் எடுக்க வரும்போது அதே சொற்கள் பால் வடியும் மங்குகளில் நிரம்பி அவளுக்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும். கோலா சிலாங்கூருக்குச் சாமான் வாங்கப் போகும்போது, மளிகைக் கடை மதார் சாகிபுவிடம் புரியாத சொற்களைக் கேட்பாள். அவர் பினாங்கில் துறைமுக ஆபீசில் இருந்தவர்; ஆங்கிலம் தெரியும். "தங்கச்சி, இவ்வளவு கேள்வி கேட்டா நான் எப்ப அரிசி அளக்குறது?" என்று சலித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்.

இருபத்தெட்டாம் வாரம் முதல் கட்டுரை எழுதச் சொன்னார்கள். சொந்த வாழ்க்கையில் உள்ள ஒரு கூற்றை எடுத்து ஆறு கேள்வியாலும் அலச வேண்டும். நாகமணி தன் புருஷன்மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்தாள். மண்டோர் சோற்றைப் பார்த்தார். மண்டோர் ஆளைப் பார்க்கவில்லை. காகம் தின்னும். பன்றி தின்னும். நாய் தின்னும். குரங்கு தின்னும். காட்டில் இத்தனை வயிறு இருக்க, ஒரே ஒரு வயிற்றை மட்டும் எப்படித் தெரிந்தெடுத்தீர்கள்? இப்படிப் போயிற்று அந்தக் கட்டுரை. அதை அவள் வகுப்பில் படித்தபோது மண்டோர் சன்னாசி டின்னைத் தட்ட மறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பிரமணியம் சிவப்பு மையில் பிழைகளையெல்லாம் சுழித்து, பத்துக்கு நான்கு போட்டார். வெறும் கேள்விகள், உணர்ச்சிவசம், நிலைப்பாடு இல்லை என்று ஓரத்தில் எழுதினார்.

முப்பத்தைந்தாம் வாரம் இரண்டாவது கட்டுரை. இதுதான் கழகத்தின் உயிர்நாடி என்றார் சுப்பிரமணியம். முதல் கட்டுரையில் எந்தப் பக்கம் நின்றார்களோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று, தானே நம்பியதுபோல் எழுத வேண்டும். எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவன் சிந்திக்கத் தெரியாதவன் என்று ஹார்கிரீவ் துரை கையேட்டிலேயே எழுதியிருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் நாகமணி தயங்கி நின்றாள்.

"எம் புருஷன் செய்யாத தப்ப நான் எப்படிங்கய்யா எழுதுவேன்?"

"செஞ்சான்னு யாரும்மா சொன்னா? செஞ்சிருந்தா எப்படி இருக்கும்னு எழுது. அவ்வளவுதான்."

"வேற எதாச்சும் குடுங்கய்யா. ஆட்டப் பத்தி, மாட்டப் பத்தி எழுதுறேன்."

"ஆடு மாடு எழுதினவளயா அந்தக் கமிட்டி மதிக்கும்? நாளைக்கு அவங்க என்ன கேப்பாங்கன்னு நீயே முன்னால யோசிச்சு வச்சுக்க வேணாமா? இது பாடம்மா. பாடத்துல எழுதுறது பாடத்தோட போச்சு. இது எழுதலன்னா சர்ட்டிபிகேட் இல்ல. அப்புறம் உன் இஷ்டம்."

ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், லயத்து வாசலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எழுத உட்கார்ந்தாள். விவரம் இல்லாத கூற்றை எவரும் நம்பமாட்டார்கள் என்று கையேடு சொன்னது. எனவே விவரம் தேடினாள். கதவு வழியாகக் கொண்டுபோனால் பிடிபடுவான். ஆகவே வேலிக்கு அடியில் காளியம்மாவின் வாத்துகள் போய்வருகிற சாக்கடை வழியை வைத்தாள். சத்தம் வராமலிருக்கக் கமுகு மட்டையில் கட்டிக் கொடுத்தாள். ஆள் வந்து நிற்பதற்குப் பதினேழாம் நம்பர் வெட்டில் பட்டுப்போன மரத்தைத் தெரிந்தெடுத்தாள். காட்டில் உப்புக்குத்தான் பெரும் பஞ்சம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே சோற்றில் உப்பு அதிகம் என்று எழுதினாள்.

அங்கே பேனா நின்றது. முனியாண்டி படையலுக்கு உப்பு போடுவதில்லை. படையல் போட்ட அன்று காலை சோற்றை வாங்கும்போது செல்லையா, "உப்பு போட்டியா?" என்று கேட்டான். சாமிச் சோற்றுக்கு ஏன் உப்புக் கேட்டான்? அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். வேறு விளக்கம் உண்டா? கிடைக்கவில்லை. விளக்கு வைக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதினேழாம் நம்பர் வெட்டில், பட்டுப்போன மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் கையை நீட்டுவதும், அதில் தன் புருஷன் மட்டையை வைப்பதும், இருவரும் அவளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பதும் நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு சாயங்காலம் அவள் செல்லையாவை நம்பவில்லை.

மறுநாள் காலை ஏழாவது மரத்தில் கத்தி வைத்தபோதுதான் நினைவு வந்தது. அவன் எந்தச் சோற்றைக் கண்டாலும் அதைத்தான் கேட்பான். கல்யாண வீட்டு விருந்திலும் கேட்பான். கருமாதிச் சோற்றிலும் கேட்டு ஏச்சு வாங்கியிருக்கிறான். அவள் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் உப்பைக் கட்டுரையிலிருந்து எடுக்கவில்லை. அந்த இடம் நன்றாக வந்திருந்தது.

முதல் கட்டுரையில் பிழைகளைச் சுழித்த சுப்பிரமணியம், இரண்டாவதில் பிழைகளைத் திருத்தினார். வாக்கியங்களுக்கு மெருகு போட்டார். பத்துக்கு ஒன்பது கொடுத்தார். இதுவரை எந்தத் தோட்டத்திலும் எவரும் ஒன்பது வாங்கியதில்லை என்று அவர் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. நாகமணிக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது மதார் சாகிபு கடைக்குக் கருவாடு வாங்கப் போனாள். அவர் கருவாட்டைச் சுற்ற ஒரு தாளைக் கிழிக்கப் போனவர் நிறுத்தினார். கழகத்தின் காலாண்டு இதழ் எல்லா அலுவலகங்களுக்கும் இலவசமாகப் போகும்; எல்லா அலுவலகங்களிலிருந்தும் எடைக்கு அவர் கடைக்கு வரும்.

"தங்கச்சி, ஹெதர்லி தோட்டத்துல நாகமணின்னு வேற யாரும் இருக்காங்களா?"

"இல்ல பாய். ஏன்?"

அவர் தாளை நீவி நீவிப் படித்தார். தலைப்பு, என் கணவர் செய்தது. கீழே அவள் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து எண். சாக்கடை வழி, கமுகு மட்டை, பட்டுப்போன மரம், உப்பு எல்லாம் இருந்தன. இது பாடம், பயிற்சி என்ற சொல் எங்கேயும் இல்லை.

"முன்னால ஒண்ணு எழுதினேன் பாய். காக்கா, பன்னின்னு. அது இருக்கா பாருங்க."

மதார் சாகிபு கடைசிப் பக்கம்வரை பார்த்தார். பிறகு கருவாட்டை வேறு தாளில் சுற்றி, அந்தத் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

அன்றே அவள் கழக அலுவலகத்துக்குப் போனாள். சுப்பிரமணியம் அவளைக் கண்டதும் எழுந்து நின்று வாழ்த்தினார். ஹார்கிரீவ் துரை அந்தக் கட்டுரையைக் கோலாலம்பூரில் ஒரு மாநாட்டில் முழுவதும் படித்துக் காட்டினாராம். ஒன்பது மாதத்துக்கு முன் முனியாண்டி சோறு தின்றார் என்று நம்பிய ஒரு தோட்டத்துப் பெண், இன்று உண்மையை நேருக்கு நேர் பார்க்கிறாள் என்று சொன்னாராம். பயிற்சி என்று போட்டால் படிக்கிறவர்களுக்கு ருசி குறைந்துவிடும் என்பதால் இதழாசிரியர் எடுத்துவிட்டாராம். குழுவைப் பற்றி அவள் கேட்டபோது, தான் வந்து விளக்குவதாகச் சொன்னார். சான்றிதழையும் அப்போதே கொடுத்தார்.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவரின் கோப்புக்கு மேலே அந்த இதழும், அதன் மேல் ஒரு மஞ்சள் அட்டையும் இருந்தன. செல்லையாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்பதுபோல் தலையை அசைத்தான்.

தலைவர் கட்டுரையைப் படித்தார். தடுப்பில் இருப்பவனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அதே பழைய மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. கமுகு மட்டையின் முடிச்சைக்கூட விடவில்லை. நல்ல தமிழ். உப்பு வந்தபோது செல்லையா அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு பார்க்கவில்லை.

தலைவர் அட்டையை எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னது யார்? அவன் மனைவி. அவளுக்கு எப்படித் தெரியும்? கூட இருப்பவள், சோறு பொங்கியவளே அவள். பொய் சொல்ல அவளுக்குக் காரணம் உண்டா? இல்லை, இது அவளுடைய நன்மைக்கே எதிரானது, ஆகவே நம்பத் தக்கது. ஆதாரம்? சாக்கடை வழி உண்மையாகவே இருக்கிறது என்று போலீஸ் போய்ப் பார்த்து அறிக்கை தந்திருந்தது. வாத்து இறகுகூட கிடைத்திருந்தது.

நாகமணி எழுந்து ஆங்கிலத்தில் பேசினாள். ஐயா, அது பாடம். ஆசிரியர் எதிர்ப்பக்கம் எழுதச் சொன்னார். என் பக்கத்தையும் நான் எழுதினேன். அதற்கு நான்கு மதிப்பெண். இதை அவள் தெளிவாகவே சொன்னாள். குழுவில் ஒருவர் அவள் உச்சரிப்பைப் பாராட்டினார். தலைவர் மறுபடியும் அட்டையைப் பார்த்தார். இதைச் சொல்வது யார்? மனைவி. பொய் சொல்லக் காரணம் உண்டா? உண்டு; புருஷன் வேண்டும். எனவே இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆசிரியர் வந்திருக்கிறாரா?

சுப்பிரமணியம் சொன்னபடி வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஹார்கிரீவ் துரையும் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டுரையை இப்படித்தான் எழுத வேண்டும் என்று மாணவிக்குச் சொன்னீர்களா என்று தலைவர் கேட்டார்.

சுப்பிரமணியம் எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டார். துரையை ஒருமுறை பார்த்தார்.

"எங்கள் கழகத்தில் எவரும் எவருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்து எழுத வைப்பதில்லை" என்றார். "அது பழைய முறை. எங்கள் மாணவர்கள் தாங்களே சிந்தித்து அடைந்த முடிவைத்தான் எழுதுகிறார்கள். அதுதான் எங்கள் முறையின் சிறப்பு."

மொழிபெயர்ப்பாளர் அதையும் செல்லையாவுக்குத் தமிழில் சொன்னார். நாகமணிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

முடிவு சொல்ல அதிக நேரமாகவில்லை. செல்லையாவைக் கப்பலேற்ற உத்தரவாயிற்று. கிராணி அவளைத் தேற்றினார். வேண்டுமானால் அவளுக்கும் சேர்த்தே டிக்கெட் கொடுப்பார்கள், நல்ல சர்க்கார் என்றார். வேலிக்கு அடியிலிருந்த சாக்கடையைச் சிமெண்டு போட்டு அடைத்தார்கள். கழகத்துக்கு இன்னும் ஆறு தோட்டங்களில் கிளை திறக்க அனுமதி கிடைத்தது.

தடுப்பு முகாமில் அவனை ஒருமுறை பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் செல்லையா வந்து நின்றான். "நீ என்னைய நம்புறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு நாகு" என்று கேட்டான். அவள் நம்புவதாகச் சொன்னாள். "அந்தத் தாள்ல நம்பலன்னுல்ல இருக்கு" என்றான். அது பாடம் என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னு யாரு சொன்னா?" என்றான். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

திங்கட்கிழமை அவள் கழக அலுவலகத்துக்குப் போனாள். சுப்பிரமணியத்துக்குக் கோலாலம்பூருக்கு மாற்றலும் உயர்வும் வந்திருந்தன. வெளியே லோரி நின்றது. இரண்டு ஆட்கள் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மேசை இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்ல நினைத்தார், நாற்காலி இல்லை. கழகத்தின் நிலை, துரை பக்கத்தில் இருந்த நிலைமை, தனக்குப் பெண்பிள்ளைகள் மூன்று என்பது, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னோம் என்பது எல்லாவற்றையும் அவரே வரிசையாகச் சொன்னார். ஒரு கூற்றை எத்தனை பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணமாக இருந்தது. நாகமணி குறுக்கிடாமல் கேட்டாள். அவர் முடித்தபின், கொண்டுவந்திருந்த வெள்ளைத் தாளை மேசைமேல் விரித்து, பேனாவை மூடி கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"கமிட்டிக்கு வேணாங்கய்யா. அது முடிஞ்சு போச்சு. அவருக்குத்தான். வியாழக்கெழம கப்பலு. இத எழுதச் சொன்னது நாந்தான், அந்தப் புள்ள உன்னைய நம்பாம எழுதலன்னு ஒரே ஒரு வரி, தமிழ்லயே போதும், கையெழுத்துப் போட்டுக் குடுங்கய்யா."